அந்தத் திங்கட்கிழமை யாருக்கு ஓய்வு?



சென்னையில் இருக்கும் நமக்குக் குளிர்காலம் என்றால் பெரும்பாலும் மழைதான். அப்படி ஒரு மழைநாளை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம்: 2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. மறுநாள் ஆந்திரக் கரையைக் கடந்த மிக்ஜாம் புயல், அன்று நம் கடலோரமாக நகர்ந்தபடி கொட்டித் தீர்த்தது. அரசு விடுமுறை அறிவித்தது. விமான நிலையம் மூடப்பட்டது. மின்சாரம் நின்றது. மயிலையிலும் தி.நகரிலும் அடையாற்றிலும் நாம் வீட்டுக்குள் அடைபட்டோம்.

முந்தின நாள்தான் திருவருகைக் காலம் தொடங்கியிருந்தது. “செபிக்க நேரமே இல்லை, ஃபாதர்” என்று சொல்லிப் பழகிய நமக்கு, கேட்காமலே ஒரு முழு நாளைக் கையில் கொடுத்தது மழை. நாம் என்ன செய்தோம்? போனில் எத்தனை சதவீதம் சார்ஜ் மிச்சம் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தோம். சிக்னல் தேடி ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்தோம். கை கால் ஓய்ந்தும் மனம் ஓயவில்லை. போன் அணைந்த பிறகுதான், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் யாரோ செபமாலையை எடுக்க, வீடு மெல்ல அடங்கியது. அவசரமில்லாமல் நாம் செபமாலை சொன்னது பல வருடங்களுக்குப் பிறகு அன்றுதான்.

முத்துக்குளித்துறையில் ஊர் ஊராக ஓடி உழைத்த புனித பிரான்சிஸ் சவேரியாரே, 1545இல் ஏறத்தாழ நான்கு மாதம் நம் சாந்தோமில் தங்கி, புனித தோமையாரின் கல்லறையருகே செபித்தார். அதன் பிறகுதான் மலாக்காவுக்குக் கப்பலேறினார். நமக்கு அந்த ஒரு நாளையே உட்கார்ந்து கழிக்கத் தெரியவில்லை.

ஆனால் அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நம் வீட்டு அமைதிக்கு அடுக்களையில் ஒருவர் விலை கொடுத்துக்கொண்டிருந்தார். மோட்டார் ஓடாததால் மேல்தொட்டி காலி. கீழே சம்பிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கி மாடியேறியது பல வீடுகளில் அம்மாதான். மூன்று வேளையும் சூடாகச் சாப்பாடு கேட்டோம். மழைக்கு பஜ்ஜியும் கேட்டோம். “வீட்டு வேலைக்கு வருகிற அம்மா இன்றைக்கும் வரவில்லை” என்று அலுத்துக்கொண்டோம். அவர் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்திருக்குமே என்று நமக்குத் தோன்ற மாலையாகிவிட்டது. தோன்றியபோது போனில் சார்ஜ் இல்லை.

ஓய்வுநாள் கட்டளையை ஞாயிறு திருப்பலி என்ற அளவில் நாம் சுருக்கிவிட்டோம். இணைச்சட்ட நூல் 5ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வேலைக்காரர், வேலைக்காரி, அந்நியர், மாடு, கழுதை வரை எல்லாருக்கும் அந்த நாள் ஓய்வு உண்டு. எகிப்தில் நீங்களும் அடிமைகளாய் இருந்தீர்களே என்று காரணமும் அங்கேயே சொல்லப்படுகிறது.

அந்தத் திங்களுக்குரிய நற்செய்தி மத்தேயு 8ஆம் அதிகாரம். (அந்த மழையில் எத்தனை பேர் கோயிலுக்குப் போய்க் கேட்டிருப்போம்!) நூற்றுவர் தலைவர் ஒருவர் ஆண்டவரைத் தேடி வருகிறார். தமக்காக அல்ல, முடக்குவாதத்தால் வீட்டில் படுத்துக்கிடக்கும் தம் பணியாளுக்காக. ஆண்டவர் நம்மிடம் எழுந்தருளி வர நமக்குத் தகுதியில்லை என்று நற்கருணை வாங்குமுன் ஒவ்வொரு முறையும் சொல்கிறோமே, அந்தச் செபம் இவரிடமிருந்து வந்தது. தம்மிடம் வேலை செய்யும் ஒருவரின் வேதனையைப் பார்க்கப் பொறுக்காமல் சொன்னது.

இந்த ஆண்டும் குடில் கட்டுவோம், நட்சத்திரம் தொங்கவிடுவோம். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து நன்றாகத் தூங்குவோம். காலையில் பிரியாணிக்கு வெங்காயம் உரிப்பது யார்? பாத்திரம் தேய்ப்பது யார்? வேலைக்கு வருகிறவருக்கு 25ஆம் தேதி சம்பளத்தோடு விடுமுறை உண்டா? இன்று இரவு செபமாலை முடிந்ததும் குடும்பமாக உட்கார்ந்து பேசிவிடலாம், அம்மாவையும் அடுப்படியிலிருந்து கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டு.