கலைஞனுக்குப் படியளப்பவர் யார்?

(கிராமக் கலைவிழா ஒன்றில் ஆற்றப்பெற்ற உரை)



இப்பந்தலில் அமர்ந்திருப்போருட் சிலர் வழக்கறிஞர், சிலர் மருத்துவரும் ஆசிரியரும், பலர் கமக்காரர். கலையைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். நானோ வரவு செலவைப் பற்றிப் பேசப் போகின்றேன். கலைக்கு முன் கணக்குப் பேசுதல் இழுக்கு என்று கருதுவோர் பொறுத்தருள வேண்டும். கணக்குப் பேசாமையாலேயே பல கலைகளை இழந்தோம் என்பது என் துணிபு.

முன்னாளிற் கலைஞனுக்குப் படியளந்தவர் யார்? மட்டக்களப்பைப் பாருங்கள். அண்ணாவியார் சட்டங் கொடுப்பார், மாதக்கணக்கிற் பழக்குவார், சதங்கை அணிவிப்பார், பின்னரே அரங்கேற்றம். அரங்கேறிய கூத்தர் வீடு வீடாகச் சென்று ஆடுவர். வீட்டார் தம்மாலியன்றதை வழங்குவர். வயல் வேலை ஓய்ந்த காலமே கூத்தின் காலம். ஆடியவனும் உழவன், வட்டக்களரியைச் சுற்றி விடிய விடிய விழித்திருந்தவனும் உழவன். அங்கே நுழைவுச் சீட்டு இல்லை. ஆயினும் கூத்து இலவசமன்று. ஊரே அதன் செலவைச் சுமந்தது.

யாழ்ப்பாணத்திற் கோயில் திருவிழா அச்சுமையை ஏற்றது. ஓர் உபயகாரர் ஒரு மேளம் பிடித்தால் மறுநாள் உபயகாரர் இரண்டு மேளம் பிடிப்பார். போட்டியோ பக்தியோ, அதனாற் கலைஞன் வீட்டில் உலை கொதித்தது. தமிழகத்து நாதசுர வித்துவான்கள் இங்கு வந்து வாசித்தனர். இம்மண்ணின் தவில் மேதை தட்சணாமூர்த்தி, 1975 இல் மறையும் வரை, தமிழகத்தாரும் வியக்க வாசித்தார்.

நடிகமணி வி. வி. வைரமுத்துவை இங்குள்ள முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். 1989 இல் மறைந்த அப்பெருங் கலைஞர் அரிச்சந்திர மயான காண்டத்தை ஆயிரம் தடவைக்கு மேல் மேடையேற்றியவர். கதையை அறியாதவர் கூட்டத்தில் ஒருவருமிலர். முடிவை அறிய அவர்கள் வரவில்லை. இன்றிரவு அவர் எப்படிப் பாடப் போகின்றார் என்று அறியவே வந்தனர். அத்தகைய இரசிகர் கூட்டம் ஒரு நாளில் உண்டாவதன்று. கேட்டுக் கேட்டுப் பழுத்த செவிகள் அவை.

அந்த ஏற்பாடு ஏன் தளர்ந்தது? சினிமா வந்தது, தொலைக்காட்சி வந்தது, போர் ஊர்களைக் கலைத்தது என்பீர்கள். அனைத்தும் உண்மையே. ஆயின் இவற்றுக்கு அடியில் மற்றொரு காரணம் உண்டு. போமல், போவன் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் இருவர் 1966 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அதனை விளக்கினர். நம் கமத்திலிருந்தே அதனை உங்களுக்குச் சொல்கின்றேன்.

நம் பாட்டன் காலத்தில் தோட்டத்துக்கு நீர் இறைக்கத் துலா மிதிக்க ஆள் வேண்டும். பட்டை பிடிக்க ஆள் வேண்டும். தண்ணீர் கட்ட ஆள் வேண்டும். இன்று இயந்திரம் இறைக்கின்றது; ஒருவர் நின்று பார்த்தாற் போதும். ஒருவரின் உழைப்பு முன்னிலும் பன்மடங்கு பயன் தருகின்றது. அதனாற் கூலியும் உயர்கின்றது. ஆனால் அரிச்சந்திரனும் சந்திரமதியும் மயானத்திற் சந்திக்க இன்றும் இருவர் வேண்டும். தவிலை அடிக்க இன்றும் இரண்டு கைகள் வேண்டும். பாட்டை இரட்டிப்பு வேகத்திற் பாடி நேரத்தை மீதப்படுத்த முடியுமா? பிற தொழில்களிற் கூலி உயர உயர, கலையின் செலவும் உயர்ந்தே தீரும். அதனைக் கொடுப்பாரில்லையேற் கலைஞனின் மகன் வேறு தொழில் தேடுவான். அவனைக் குறை கூற நமக்கு உரிமையில்லை.

அதே அறிஞர்கள் தம் நாட்டு அரங்குகளில் அமர்ந்திருந்தோரையும் ஆராய்ந்தனர். படித்தோரும் வசதியுடையோருமே பெரும்பாலோர். உடலுழைப்பாளர் மிகச் சிலர். நம் களரியில் ஊர் முழுவதும் அமர்ந்திருந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனையில் விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொணர்ந்தார். கூத்தைக் கண்டறியாத கற்றோர் அதன் பெருமையை உணர்ந்தனர். அது பெருந்தொண்டு. ஆயின் ஆடும் நேரத்தைச் சுருக்கலாம். பழகும் நாட்களைச் சுருக்க முடியாது. கற்றோர் மண்டபத்துக்கு வந்ததனால் உழவன் வெளியே நிற்க நேர்ந்தால் அது வளர்ச்சியாகாது.

இனி என் குற்றத்தைச் சொல்கின்றேன். விழா ஒன்றின் குழுவில் நானும் இருந்தேன். பந்தற்காரருக்கு முன்பணம் கொடுத்தோம். ஒலிபெருக்கிக்காரர் கேட்ட தொகையைக் கொடுத்தோம். அழைப்பிதழ் அச்சடித்தவருக்கு மறுநாளே கொடுத்தோம். கூத்தருக்கோ எஞ்சியதைக் கொடுத்து, ஒரு பொன்னாடையும் போர்த்தோம். பொன்னாடை உலையில் அரிசியாகுமா? அண்ணாவியார் முகஞ் சுளிக்காது வாங்கிச் சென்றார். அந்த முகம் என்னை இன்றும் உறங்கவிடுவதில்லை.

மற்றொரு கடனும் நமக்குண்டு. கலையை விண்ணளவு புகழ்ந்தோம். கலைஞனைச் சாதி சொல்லி முற்றத்தில் நிறுத்தினோம். பந்தியிற் சமமாக இருத்தாத சமூகம் அவன் பிள்ளையை மட்டும் அக்கலையிலேயே இரு என்று எவ்வாறு கேட்கும்?

ஆதலால் உங்களிடம் நான் வேண்டுவன சிலவே. விழாக் கணக்கின் முதல் வரியிற் கலைஞனின் ஊதியத்தை எழுதுங்கள். ஆடும் இரவுக்கு மட்டுமன்றிப் பழகும் நாட்களுக்கும் கொடுங்கள். கடல் கடந்த உறவினர் கோயிலுக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பங்கை இளைஞர் கூத்தும் மேளமும் பயில ஒதுக்கச் சொல்லுங்கள். வசதியுள்ள தொழிலாளர் நாற்காலிக்கு நிறைந்த விலை கொடுக்கட்டும்; உழவரும் சிறுவரும் முன்பாயில் விலையின்றி இருக்கட்டும். அவர்களே நாளைய செவிகள்.

விதைநெல்லை உண்டவன் அடுத்த போகத்தில் எதனை விதைப்பான்? உழவர்களாகிய உங்களுக்கு இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை. இன்றிரவு ஆடவிருப்போர் திரைக்குப் பின்னே காத்திருக்கின்றனர். அவர்களுக்குரிய ஊதியம் அவர்கள் கைக்குச் சேர்ந்துவிட்டதா என்று தலைவர் அவர்களைக் கேட்டு, என் உரையை முடிக்கின்றேன்.