அடக்க விலை

சீனாவிலிருந்து சரக்கு எடுத்து இங்கே விற்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்த இணையச் சந்தையில் விலை குறைவு என்றுதான். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்று உண்டு. நீங்கள் கட்டும் பணம், சரக்கு கைக்கு வரும்வரை யாரிடம் இருக்கும்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால், எந்தத் தளம் என்பது பாதி முடிவாகிவிடும்.

அலிபாபாவின் பழைய கதை ஒன்றைச் சொல்கிறேன். 1999-இல் சீனாவின் ஹாங்சௌ நகரில் தொடங்கிய இணையச் சந்தை நிறுவனம் அது. ஆண்டுக் கட்டணம் செலுத்தும் விற்பனையாளர்களுக்கு ‘கோல்டு சப்ளையர்’ என்ற பட்டம் தந்தது. 2011 பிப்ரவரியில் அந்த நிறுவனமே ஒரு விசாரணை முடிவை வெளியிட்டது. 2009, 2010 ஆகிய இரண்டே ஆண்டுகளில், 2,300-க்கும் மேற்பட்ட கோல்டு சப்ளையர்கள் மோசடியில் ஈடுபட்டிருந்தார்கள். நிறுவனத்தின் விற்பனை ஊழியர்கள் சுமார் 100 பேர் அதற்கு உடந்தை. தலைமைச் செயல் அதிகாரி டேவிட் வெய், தமக்கு நேரடித் தொடர்பு இல்லாதபோதும் பொறுப்பேற்றுப் பதவி விலகினார்.

அதன் பிறகு அங்கே எவ்வளவோ மாறிவிட்டது. ஆனால் கோல்டு என்பது இன்றைக்கும் காசு கட்டி வாங்கும் பட்டம்தான். ‘வெரிஃபைடு’ என்று போட்டிருந்தால் கொஞ்சம் கூடுதல் மதிப்பு. எஸ்.ஜி.எஸ். போன்ற வெளி நிறுவனம் நேரில் போய்ப் பார்த்திருக்கிறது என்று பொருள். அந்த முகவரியில் ஒரு நிறுவனம் இருக்கிறது என்பதை அது சொல்லும். உங்களுக்கு வரப்போகிற பையின் ஜிப் நிற்குமா என்பதைச் சொல்லாது.

பணத்துக்குப் பாதுகாப்பு வேறு இடத்தில் இருக்கிறது. ‘டிரேட் அஷ்யூரன்ஸ்’ என்ற ஏற்பாட்டில் ஆர்டரையும் பணத்தையும் அலிபாபா தளத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டால், சரக்கு ஒப்பந்தப்படி வராதபோது முறையிட வழி உண்டு. ஒப்பந்தப்படி என்பதுதான் முக்கியம். நிறம், கனம், துணியின் தரம், எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும் எல்லாவற்றையும் ஆர்டரிலேயே எழுதியிருக்க வேண்டும். ‘நல்ல குவாலிட்டி’ என்று எழுதினால், வழக்கு வரும்போது அது ஒன்றுக்கும் உதவாது. “தளத்துக்கு வெளியே அனுப்புங்கள், மூன்று சதவீதம் தள்ளுபடி தருகிறோம்” என்று விற்பவர் சொல்வார். அந்தத் தள்ளுபடிக்காக மொத்தப் பாதுகாப்பையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இன்னொன்று, பாதி வழியில் “எங்கள் கணக்கில் தணிக்கை நடக்கிறது, இந்தப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள்” என்று மின்னஞ்சல் வந்தால், உடனே தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள். மின்னஞ்சலைக் களவாடியவர்கள் வழக்கமாகப் பாடும் பாட்டு அது.

மற்ற தளங்கள்? 1688 என்பது அலிபாபா குழுமத்தின் உள்நாட்டுச் சந்தை. சீன மொழி, யுவானில் விலை. அந்த விலையைப் பார்த்தால் கை பரபரக்கும். ஆனால் அங்கே கடை வைத்திருப்பவர்களில் பலர் சீனாவுக்குள் விற்பவர்கள். ஏற்றுமதிக் காகிதம் தரமாட்டார்கள். சீனாவில் ஒரு ஏஜென்ட் வேண்டும், அவருக்குக் கமிஷன் வேண்டும், அவரை நம்பவும் வேண்டும். முதல் முறை இறக்குமதி செய்பவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். மேட்-இன்-சைனா, குளோபல் சோர்சஸ் இரண்டும் பழைய பெயர்கள். இயந்திரம், மின்னணுப் பொருள் என்று தேடுபவர்கள் அங்கேயும் பார்க்கலாம். அலி எக்ஸ்பிரஸ் ஒன்றிரண்டு வாங்கும் சில்லறை ஆட்களுக்கானது. அதன் செயலியை இந்திய அரசு 2020 நவம்பரில் தடை செய்தது.

தொழிற்சாலையிடம் நேரடியாகத்தான் வாங்குவேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்களும் உண்டு. இருநூறு ஹேர் கிளிப் கேட்டால் எந்தத் தொழிற்சாலை திரும்பிப் பார்க்கும்? தண்ணீர் பாட்டில், பெல்ட், பொம்மை எல்லாம் ஒரே கடையில் விற்பவர் பெரும்பாலும் இடைத்தரகர்தான். சின்ன ஆர்டருக்கு அவரே நல்லவர். பல கடைச் சரக்கைச் சேர்த்து ஒரே பெட்டியில் அனுப்பித் தருவார். தரகர் என்று அவர் ஒளிக்காமல் சொன்னால் போதும்.

இப்போது துறைமுகத்துக்கு வருவோம். ஏமாற்றத்தில் பாதி இங்கேதான் காத்திருக்கிறது. வரி, பொருளின் விலைக்கு மட்டும் கிடையாது. கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்த மதிப்புக்கு. அந்த மதிப்பு 100 ரூபாய், அடிப்படைச் சுங்கவரி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 ரூபாய் வரி, அதன்மேல் பத்தில் ஒரு பங்காகச் சமூகநல கூடுதல் வரி 1 ரூபாய், ஆக 111. அதற்கு இறக்குமதி மீதான ஜி.எஸ்.டி.யான ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம் போட்டால் ஏறத்தாழ 131 ஆகிறது. ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் கடைசி 20 ரூபாயை வரிக் கழிவாக எடுத்துக்கொள்ளலாம். பதிவு இல்லாதவருக்கு அதுவும் அடக்கத்தில் ஏறும். இதோடு சுங்க வேலைகளை முடித்துத் தரும் கிளியரிங் ஏஜென்டின் கூலி, லாரி வாடகை, உடைந்த சரக்கு எல்லாம் சேர்த்து அடக்க விலை போட்ட பிறகுதான், திரையில் பார்த்த விலை மலிவா என்று தெரியும்.

சில பொருள்களுக்கு அடக்கம் போடவே தேவையில்லை, உள்ளே வராது. பொம்மைகளைப் பாருங்கள். 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அந்த உரிமத்தை இந்தியத் தர நிர்ணய அமைப்பிடம் சீனத் தொழிற்சாலையே வாங்கியிருக்க வேண்டும். வலைத்தளத்தில் ஆயிரம் பொம்மைக் கடைகள் இருக்கலாம், இங்கே அனுப்ப அவர்களுக்குத் தகுதி உண்டா என்று அந்தத் தளம் உங்களுக்கு எச்சரிக்கை தராது. பெயர்பெற்ற பிராண்டு காலணி கால் விலைக்குக் கிடைத்தாலும் அப்படித்தான். போலி என்று சந்தேகம் வந்தால் சுங்கத்துறை நிறுத்திவைக்கும். ஆகவே ஆர்டருக்கு முன்பே, பொருளின் படத்தையும், சுங்கத்தில் அதை வகைப்படுத்தும் எச்.எஸ். எண்ணையும் ஒரு கிளியரிங் ஏஜென்டிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள். இறக்குமதிக்குத் தேவையான இறக்குமதி–ஏற்றுமதிக் குறியீட்டு எண்ணை வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்திடம் (டி.ஜி.எஃப்.டி.) வாங்குவது இதைவிடச் சுலபம், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

கடைசியாகக் கப்பல் கூலி. முழுக் கன்டெய்னர் எடுக்க முடியாதவர்கள், பலருடைய சரக்கோடு சேர்த்து அனுப்பும் முறையில் போவார்கள். அப்போது விற்பவர் “சென்னை வரை கூலி நாங்களே பார்த்துக்கொள்கிறோம், மிகக் குறைவு” என்பார். சில சமயம் ஒன்றுமே கேட்கமாட்டார். சரக்கு வந்து சேர்ந்ததும், இங்கே இருக்கும் அவருடைய கப்பல் முகவர், இறக்குகூலி, ஆவணக் கட்டணம் என்று நீளமான பில்லை நீட்டுவார். அதைக் கட்டினால்தான் சரக்கை எடுக்கத் தேவையான டெலிவரி ஆர்டர் கைக்கு வரும். இதற்கு ஒரு வழி உண்டு. சீனத் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றுவது வரை மட்டும் விற்பவர் பொறுப்பு என்று, எஃப்.ஓ.பி. முறையில் விலை கேளுங்கள். கப்பலை நீங்களே சென்னையிலோ தூத்துக்குடியிலோ உள்ள முகவர் மூலம் பேசிக்கொள்ளுங்கள். விலை முதலில் கூடுதலாகத் தெரியும். ஆனால் துறைமுகத்தில் என்னென்ன கட்டணம் வரும் என்பது, சரக்கு கிளம்பும் முன்பே எழுத்தில் உங்கள் கையில் இருக்கும்.