வேகப்பந்து வீசிய ரங்காச்சாரி



பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு ஓடிவந்து பந்தெறியும் சிறுவன் நமக்குப் புதியவனல்லன். அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில் பந்தெறிபவரே நாயகர். எறிவதே அவருக்குப் பிழைப்புமாகும். நம் நாட்டுக் கிரிக்கெட்டிலோ நெடுங்காலம் புகழ் மட்டையாளரையே சேர்ந்தது. வேகப்பந்து வீசியவர் வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை தேட வேண்டியிருந்தது. அவ்வாறு காவல்துறையில் பணிபுரிந்தவர் சி. ஆர். ரங்காச்சாரி.

செங்கற்பட்டை அடுத்த மாமண்டூரில் 1916இல் பிறந்த அவர், தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தை 1948 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் ஆடினார். எதிரே பிராட்மன்! ஆஸ்திரேலியர் குவித்த 674 ஓட்டங்களில் பிராட்மன் மட்டும் 201 எடுத்தார். அந்த வெயிலில் ரங்காச்சாரி 141 ஓட்டங்கள் கொடுத்து நான்கு விக்கெட்டுகள் வீழ்த்தினார். அடுத்து ஆடிய மெல்போர்னில் ஒன்றும் கிட்டவில்லை.

அதே ஆண்டு நவம்பரில் மேற்கிந்தியத் தீவினர் டில்லியில் ஆடினர். சுதந்திர இந்திய மண்ணில் நடந்த முதல் டெஸ்ட் ஆட்டம் அது. புதுப்பந்தின் பளபளப்பும் தையலின் விறைப்பும் சிறிது நேரமே நிலைக்கும். வேகப்பந்து வீச்சாளருக்கு வாய்த்த பொழுது அவ்வளவே. அதற்குள் ரே, ஸ்டால்மேயர், பெரும்புகழ் பெற்ற ஹெட்லி ஆகிய மூவரையும் ரங்காச்சாரி வெளியேற்றிவிட்டார். மேற்கிந்தியர் 27 ஓட்டங்களுக்கு மூன்று விக்கெட்டு!

பிறகு பந்து தேய்ந்தது. ஆடுகளம் மட்டையாளர் பக்கம் சாய்ந்தது. வால்காட்டும் கோமஸும் சேர்ந்து 267 ஓட்டங்கள் எடுத்தனர். முடிவில் மொத்தம் 631. ரங்காச்சாரியின் கணக்கு 107 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டு. அந்த 631ஐ நினைவு வைத்திருப்போர் பலர். முற்பகலில் நின்ற 27ஐ நினைப்போர் சிலரே என்பது நம் வருத்தம்.

டிசம்பரில் பம்பாயில் ஆடிய டெஸ்டில் அவருக்கு விக்கெட்டே விழவில்லை. அதன்பின் இந்திய அணி அவரை அழைக்கவுமில்லை. நான்கு டெஸ்டுகள், ஒன்பது விக்கெட்டுகள். ஒரு விக்கெட்டுக்குச் சராசரி ஐம்பத்துநான்கு ஓட்டங்களுக்கும் மேல். ஏட்டில் பார்த்தால் எளிய கணக்குத்தான். அந்த ஏட்டில் ஹெட்லியின் பெயருக்கு நேரே இரண்டு ஓட்டங்கள் என்றும், பந்து வீசியவர் ரங்காச்சாரி என்றும் இருக்கிறது. 1993இல் அவர் மறைந்தார்.