பெயர்ப் பலகை ஓர் அமானிதம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

    

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் இஷா தொழுகைக்குப் பின் நம் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் இருவர் நம்மைக் காண வந்தனர். ஒருவர் வளைகுடாவில் வாகனக் கண்ணாடி வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். மற்றவர் நாகர்கோவிலில் ஒரு பட்டறையில் வேலை கற்றவர். "ஹஜ்ரத், நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கடை போடுறோம். நீங்கதான் பேரு வெச்சித் தரணும்" என்றனர். பிள்ளைக்குப் பெயர் சூட்டி நமக்குப் பழக்கமுண்டு, கடைக்குச் சூட்டியதில்லை. என்ன கடை என்று கேட்டோம். "கார், வேன், லாரி முன்கண்ணாடியில் கல் அடிச்சு விரிசல் விழுந்தா, கண்ணாடியை மாத்தாமலே சரி பண்ற கடை" என்றனர்.

உண்மையைச் சொல்வதானால் நாம் நம்பவில்லை. உடைந்த கண்ணாடி ஒட்டாது என்றுதானே கேட்டு வளர்ந்திருக்கிறோம்? அவ்விருவரும் பொறுமையாக விளக்கினர். அந்த விளக்கத்தை உங்களுக்கும் சொல்ல வேண்டும். ஏனெனில், கடையின் பெயருக்கும் அந்த வேலையின் தன்மைக்கும் தொடர்பிருக்கிறது.

வாகனத்தின் பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்தால் கற்கண்டுபோல் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். அதைச் சரிசெய்ய வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். முன்கண்ணாடி அப்படியன்று. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் ஏடு ஒன்றை வைத்து அழுத்தி ஒன்றாக்கியது அது. 1903-ஆம் ஆண்டில் எதுவார் பெனதிக்தஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்தது. விரிசல் கண்டதே தவிரச் சிதறவில்லை. உள்ளே முன்பு இருந்த திரவம் உலர்ந்து, கண்ணாடியின் உட்புறத்தில் ஏடாகப் படிந்து, துண்டுகளைப் பிடித்து நிறுத்தியிருந்தது. இன்று நம் தலைகளைக் காக்கும் முன்கண்ணாடி பிறந்தது அந்தக் குடுவையிலிருந்துதான்.

சாலையில் தெறிக்கும் கல் பெரும்பாலும் வெளித் தகட்டைத்தான் உடைக்கிறது; உள்தகடு நலமாக இருக்கும். விரிசலுக்குள் புகுந்திருக்கும் காற்றை ஒரு சிறு கருவியால் உறிஞ்சியெடுத்துவிட்டு, கண்ணாடியைப் போலவே ஒளிபுகும் ரெசின் என்னும் பசையை அழுத்தி உட்செலுத்துகின்றனர். பிறகு புறஊதா விளக்கைக் காட்டினால் அந்தப் பசை இறுகிக் கெட்டியாகிவிடும். மேலே எஞ்சியிருப்பதைச் சுரண்டி மெருகேற்றினால் வேலை முடிந்தது. வெயிலிலும் புறஊதாக் கதிர் இருப்பதால், பசை செலுத்தும்போது வண்டி நிழலில் நிற்க வேண்டுமாம். இல்லையேல் விரிசலின் நுனிவரை சென்று சேர்வதற்கு முன்பே பசை இறுகிவிடும்.

இதைக் கேட்டபோது பழைய நிகழ்ச்சியொன்று நினைவுக்கு வந்தது. ஒருமுறை திருநெல்வேலிக்கு வாடகை வண்டியில் சென்றுகொண்டிருந்தோம். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் முன்னால் சென்ற லாரியிலிருந்து ஒரு ஜல்லிக்கல் தெறித்துக் கண்ணாடியில் பட்டது. மிளகளவு புள்ளிதான். ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி, தூசியைக் கழுவுவதாக எண்ணிக் குளிர்ந்த நீரை ஊற்றினார். சித்திரை வெயிலில் சுட்டுக்கிடந்த கண்ணாடியில் 'டிக்' என்றோர் ஓசை! புள்ளியிலிருந்து ஒரு கோடு கிளம்பி ஓரம்வரை ஓடிவிட்டது. சிறு செலவில் தீர்ந்திருக்க வேண்டியது முழுக் கண்ணாடிச் செலவாயிற்று. அந்தப் புள்ளியின்மேல் ஒளிபுகும் ஒட்டுநாடாவை ஒட்டி, தூசியும் நீரும் புகாமல் காத்து, விரைவில் கொண்டுவந்தால் போதும் என்று இவ்விளைஞர்கள் சொன்னார்கள். வண்டி வைத்திருப்போர் இதை நினைவில் கொள்ளுங்கள்.

நம் பகுதியில் இதற்கு வேலை இருக்கிறதா என்று சிலர் ஐயுறலாம். மயிலாடி கல்லுக்குப் பெயர்பெற்ற ஊர். நம் மாவட்டச் சாலைகளில் கல்லும் ஜல்லியும் ஏற்றிக் கேரளத்திற்குச் செல்லும் டிப்பர் லாரிகளை எல்லோரும் பார்க்கிறோம். முப்பந்தல் காற்றைச் சொல்லவே வேண்டியதில்லை. கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலைக்குச் சென்று குமரிமுனைக்கு வரும் வெளியூர் வண்டிகள் ஏராளம். வேலை இருக்கிறது. அதை எந்த நேர்மையோடு செய்வது என்பதே கேள்வி.

இனிப் பெயருக்கு வருவோம். இளைஞர்கள் மூன்று பெயர்களை எழுதி வந்திருந்தனர். ஒன்று அல்லாஹ்வின் திருநாமங்களில் ஒன்று. அதைக் கண்டதும் நமக்கு மனம் ஒப்பவில்லை. ரசீதிலும் விளம்பரத் தாளிலும் அச்சிடுவார்கள். அது எண்ணெய்க் கையில் கசங்கிச் சாக்கடையில் கிடக்கும். அந்தத் திருநாமத்தின் அதபைக் காக்க நம்மால் முடியாது என்று விளக்கினோம். இரண்டாவது மதீனா. புனிதமான பெயர்தான். ஆனால் ஊருக்கு நான்கு மதீனாக் கடைகள் இருக்கும்போது, நல்ல வேலை செய்தவர் யார், கெட்ட வேலை செய்தவர் யார் என்று வாடிக்கையாளர் எப்படி அறிவார்? மூன்றாவது, பெரிய நிறுவனமொன்றின் பெயரில் ஓரெழுத்தை மட்டும் மாற்றியது. இதைக் கண்டு நாம் கடிந்துகொண்டோம். பிறர் உழைத்துச் சேர்த்த நற்பெயரின் நிழலில் நின்று வாடிக்கையாளரை அழைப்பது ஏமாற்றுதல் அல்லாமல் வேறென்ன? 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டமும் இதற்கு இடங்கொடுக்காது. வெறுமனே 'கார்க் கண்ணாடி பழுதுநீக்கம்' என்று தொழிலை மட்டும் விவரிக்கும் சொற்களைத் தனிச்சொத்தாகப் பதிந்துகொள்வதும் அச்சட்டப்படி எளிதன்று.

உலகின் மிகப் பெரிய வாகனக் கண்ணாடி நிறுவனமான பெல்ரான், இங்கிலாந்தில் ஆட்டோகிளாஸ் என்றும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் கார்கிளாஸ் என்றும், அமெரிக்காவில் சேஃப்லைட் என்றும், ஆஸ்திரேலியாவில் ஓ'பிரையன் என்றும் பெயர் தாங்கி நிற்கிறது. அத்துணைப் பெரிய நிறுவனமே அந்தந்த மண்ணில் மக்களின் நாவுக்குப் பழகிய பெயரை வைத்துக்கொண்டிருக்கும்போது, பத்தடிக்குப் பத்தடிக் கடைக்கு நம் பிள்ளைகள் 'இன்டர்நேஷனல்' தேடுகிறார்கள்! பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும் என்பது தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் விதிகளிலேயே உள்ளது.

தொழிலுக்குப் பெயர் சூட்டுவதில் நமக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. மதீனாவின் சந்தையில் வாணிபம் செய்தோர் 'ஸமாஸிரா', அதாவது தரகர்கள் என்று அழைக்கப்பட்டு வந்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களிடம் சென்று, அதைவிட அழகிய பெயரால், 'துஜ்ஜார்' என்னும் வணிகர் பெயரால் விளித்தார்கள். கைஸ் இப்னு அபீ கரஸா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. பெயரை உயர்த்தியதோடு நாயகம் நிறுத்தவில்லை. வாணிபத்தில் வீண்பேச்சும் சத்தியமிடுதலும் கலந்துவிடும், ஆதலால் அதில் தர்மத்தைக் கலந்துகொள்ளுங்கள் என்ற கருத்தையும் உடன் சொன்னார்கள்.

இந்தத் தொழிலில் வீண்பேச்சு எங்கே கலக்கும்? நாம் துருவிக் கேட்டோம். அவர்களும் ஒளிக்காமல் சொன்னார்கள். எல்லா விரிசலையும் சரிசெய்ய முடியாது. ஓரத்தைத் தொட்டுவிட்ட விரிசலும், இரு தகடுகளையும் துளைத்த அடியும், ஓட்டுநரின் பார்வைக்கு நேரே அமைந்த பழுதும் இருந்தால் கண்ணாடியை மாற்றுவதே முறை. நன்றாகச் சரிசெய்தாலும் உற்றுப் பார்த்தால் தெரியும்படி ஒரு சிறு தழும்பு எஞ்சும். பார்வைக்கு நேரே உள்ள அந்தத் தழும்பு இரவில் எதிர்வண்டியின் விளக்கொளியில் கூசும். வாடிக்கையாளருக்கு இவை எதுவும் தெரியாது. சரிசெய்யக் கூடாததைச் சரிசெய்து காசு வாங்கினாலும் அறியமாட்டார். சரிசெய்யக் கூடியதை மாற்றச் சொல்லிப் பெருந்தொகை வாங்கினாலும் அறியமாட்டார். அறிந்தவன் கடைக்காரன் ஒருவனே. அவனுக்கு மேலே அல்லாஹ் அறிகிறான்.

நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை சந்தையில் தானியக் குவியலொன்றுக்குள் கையை நுழைத்தார்கள். விரல்கள் நனைந்தன. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் வரும் இந்த நிகழ்ச்சியை எத்தனையோ ஜும்ஆக்களில் சொல்லியிருக்கிறோம். அந்த ஈரத்துக்கு இணையானது இந்தத் தழும்புதான். வேலை தொடங்குமுன் அதைச் சொல்லிவிட வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் பரக்கத் உண்டு என்று கருத்துப்படும் ஹதீஸில் வரும் அரபுச்சொல் 'பய்யனா'; தெளிவாக்குதல் என்பது அதன் பொருள். ஆகவே 'தெளிவு' என்ற சொல்லை நாம் முன்வைத்தோம். கண்ணாடிக்கும் பொருந்தும், கணக்குக்கும் பொருந்தும். வேறெவரும் அப்பெயரைப் பதிந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு அவர்களே முடிவு செய்யட்டும். பிடிக்கவில்லையெனில் வேறு தேடட்டும், நமக்கு வருத்தமில்லை.

அடுத்துச் சொல்லப்போவது நம் குறையைப் பற்றியது. சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் இருவர் கூட்டாகத் தொடங்கிய கடையொன்றை நாமே துஆ ஓதித் திறந்து வைத்தோம். "எழுத்து எதுவும் உண்டா?" என்று அன்று ஒரு பெரியவர் கேட்டபோது, "சகோதரர்களுக்குள் எழுத்து எதற்கு?" என்று சிரித்துக்கொண்டே சொன்னவர் நாம்தாம். மூன்றாம் ஆண்டில் கருவிகள் யாருடையவை, முன்பணம் யாருடையது, கடையின் பெயர் யாருக்குச் சொந்தம் என்று தகராறு எழுந்தது. ஜமாஅத்தில் பலமுறை பேசியும் தீரவில்லை. இன்றும் அவ்விருவரும் ஒரே ஸஃப்பில் நிற்பதைத் தவிர்க்கிறார்கள். கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் 2:282 வசனம்தான் திருக்குர்ஆனிலேயே நீளமான வசனம். அதைச் சிறுவயதில் மனனம் செய்து, மத்ரஸாவில் தஃப்ஸீருடன் ஓதி, ரமளான்தோறும் தொழுகையில் கேட்டுவரும் நாம் அன்று அப்படிச் சொல்லிவிட்டோம். அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக!

அதனால் இவ்விருவரையும் எழுதாமல் விடவில்லை. யாருடைய முதல் எவ்வளவு, யாருடைய உழைப்பு எவ்வளவு, இலாபம் எந்த விகிதம், நட்டம் வந்தால் என்ன, பிரிந்தால் பெயர் யாருக்கு என்று ஐந்தையும் முத்திரைத்தாளில் எழுதச் சொன்னோம். 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் பதியாத கூட்டு நிறுவனம் ஒப்பந்த உரிமைக்காகப் பிறர்மீது வழக்குத் தொடர இயலாது என்று வழக்கறிஞர் ஒருவர் விளக்கினார். உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் இணையத்தில் நடைபெறுகிறது, கட்டணம் கிடையாது. அதற்குப் பணம் கேட்கும் தரகரிடம் ஏமாற வேண்டாம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவும் தேவைப்படாது. (வாகனக் காப்பீடு பற்றிய மஸ்அலாவைச் சிலர் கேட்டீர்கள். அது தனியே பேச வேண்டியது, இங்கே கலக்க வேண்டாம்.)

எஞ்சியிருப்பது முதல். பசைக் கருவியும் விளக்கும் வாங்க ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் விலைகூட ஆகாது. கடை முன்பணமே பாரம். அதற்கு அவர்கள் வட்டிக் கடை வாசலை மிதிக்க இருந்தனர். அன்ஸாரித் தோழர் ஒருவர் உதவி கேட்டு வந்த வரலாறு உங்களுக்குத் தெரியும். அவர் வீட்டில் இருந்தவை ஒரு விரிப்பும் ஒரு பாத்திரமுமே. நாயகம் (ஸல்) அவர்கள் அவற்றை ஏலமிட்டு இரண்டு திர்ஹமாக்கி, ஒன்றில் உணவும் மற்றொன்றில் கோடரியும் வாங்கச் சொன்னார்கள். பதினைந்து நாள் விறகு வெட்டிய பின் அவர் பத்துத் திர்ஹத்துடன் வந்து நின்றார். இதில் நாம் பலகாலம் கவனிக்காமல் விட்ட ஓர் இடமுண்டு. வாங்கிவந்த கோடரிக்குக் காம்பு பூட்டிக் கொடுத்தது நாயகத்தின் திருக்கரம். உழைத்துப் பிழை என்று உபதேசம் மட்டும் சொல்லி அனுப்பிவிடவில்லை.

நம் பைத்துல்மாலிலிருந்து திருமண உதவியும் மருத்துவ உதவியும் வழங்கி வருகிறோம். தொழில் தொடங்க அழகிய கடன் வழங்கும் ஏற்பாடு இதுவரை இல்லை. ஸகாத் நிதியைத் தொடாமல், அதற்கென மனமுவந்து தருவோரின் தொகையைத் தனிக் கணக்கில் வைத்து, வட்டியின்றி, இரு பிணையாளர்களுடன் மாதத் தவணையில் திரும்பப் பெறும்படி அமைக்க வேண்டும் என்ற தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது. இவ்விளைஞர்களின் மனு அதில் முதலாவது. பெண்கள் இருவர் தையலகம் தொடங்கக் கேட்டிருக்கும் மனுவும் உள்ளது. ஆட்சேபம் உள்ளவர்கள் வெளியே வாசலில் நின்று பேசாமல் இங்கேயே எழுந்து சொல்லுங்கள். பங்களிக்க விரும்புவோருக்கான படிவம் பொருளாளர் அவர்களிடம் இருக்கிறது. அஸர் தொழுகைக்குப் பின் பெற்றுக்கொள்ளலாம்.

வஸ்ஸலாம்.