காலனி என்னும் சொல்
(மயிலாப்பூர்க் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் 'காலனி' என்கின்ற ஒரு சொல்லைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச ஆசைப்படுகின்றோம். 2025ம் வருஷம் ஏப்ரல் 29ந் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அவர்கள், அச்சொல் ஆதிக்கத்துக்கும் தீண்டாமைக்கும் அடையாளமாகி விட்டபடியால், அரசாங்கத் தஸ்தாவேஜுகளிலிருந்தும் பொது வழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று சட்டசபையில் அறிவித்தார். இதைக் கேட்டு, "பேரில் என்ன இருக்கின்றது? பேரை மாற்றினால் வயிறு நிறைந்து விடுமா?" என்று பரிகாசம் செய்வாரும் உண்டு. அவர்களுக்குச் சமாதானம் சொல்லுமுன் அச்சொல்லின் யோக்கியதையைச் சற்றுப் பார்ப்போம்.

லத்தீன் பாஷையில் 'கொலோனஸ்' என்றால் உழவன். ரோமாபுரியார் தாங்கள் ஜெயித்த பூமியில் தங்கள் சிப்பாய்களைக் குடியேற்றி, நிலமும் கொடுத்து, அந்த ஊருக்குக் 'கொலோனியா' என்று பேரிட்டார்கள். ஜெர்மனியிலுள்ள கொலோன் பட்டணத்தின் பேரே அப்படி வந்ததுதான். பிற்காலத்தில் வெள்ளையர் கடல் தாண்டிப் பிடித்த தேசங்களுக்கும் அப்பேரே ஆயிற்று. 1802ல் இலங்கை பிரிட்டிஷ் முடியரசின் காலனியாயிற்று. ஆகவே உலக வழக்கில் காலனிக்காரன் என்றால், வெளியிலிருந்து வந்து பிறர் பூமியில் குடியேறினவன் என்று அர்த்தம்.

நம் நாட்டிலோ அர்த்தம் தலைகீழாய்ப் போய்விட்டது. எங்கிருந்தும் வராமல், எவன் பூமியையும் பிடுங்காமல், தலைமுறை தலைமுறையாய்ப் பிறர் நிலத்தை உழுது கொடுத்தவன் காலனிக்காரன். அவனை ஒதுக்கி வைத்தவன் ஊர்க்காரன்! 'ஊர்' தனி, 'காலனி' தனி என்றால், காலனியில் இருப்பவன் ஊரில் சேர்ந்தவனல்ல என்பதுதானே பொருள்?

இதிலும் ஒரு வேடிக்கை பாருங்கள். இதே மயிலாப்பூரில் சி.ஐ.டி. காலனி இருக்கின்றது. அங்கே வீடு என்றால் கலியாணப் பத்திரிகையில் பெருமையாய் அச்சுப் போடலாம். ஆனால் ஒரு கிராமத்திலிருந்து தியாகராயநகர்க் கடைத்தெருவுக்கு வேலை தேடி வரும் பையனை, "ஊரா, காலனியா?" என்று கேட்டு விட்டால் போதும், ஜாதி என்ற வார்த்தையை உச்சரிக்காமலே ஜாதி தெரிந்து விடுகின்றது. பேரில் ஒன்றுமில்லை என்பவர்கள் அந்தப் பையனுக்கு என்ன பதில் சொல்லுவார்கள் என்று கேட்கின்றோம்.

ஆனால், தோழர்களே, பேர் போனதோடு நாம் திருப்தியடைந்து விடக்கூடாது. 'சேரி' என்ற சொல்லை எடுத்துக் கொள்ளுங்கள். மக்கள் சேர்ந்து வாழுமிடம் சேரி. அடையாற்றுக்கு அடுத்தாற்போலிருக்கும் வேளச்சேரியின் பேரைச் சொல்ல எவரும் கூசுவதில்லை. அங்கே மனை வாங்கப் போட்டி. ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலின் ராஜராஜன் கல்வெட்டுகளில், 1000 வருஷத்துக்கு முன்பே, 'தீண்டாச்சேரி' என்று வெட்டி வைத்திருக்கின்றது. அப்படி ஒதுக்கப்பட்டவர்கள் வாழ்ந்ததால் நல்ல சொல் இழிசொல்லாயிற்று. பிறகு வீடு கட்டிக் கொடுத்து 'அரிசன காலனி', 'ஆதிதிராவிடர் காலனி' என்றார்கள், அதுவும் இழிசொல்லாயிற்று. நாளை 'நகர்' என்று வைத்தால், "ஊரா, நகரா?" என்று கேட்க எத்தனை நாள் ஆகும்?

மதுரை ஜில்லா உத்தப்புரத்தில் 1989ல் ஜாதிக்காக ஒரு சுவர் எழுப்பினார்கள். 2008 மே 6ந் தேதி அதில் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. அச்சுவர் நின்ற வரையில், அப்பால் இருந்தவர்களின் தெருவுக்குச் சொர்க்கலோகம் என்று பேரிட்டிருந்தாலும் அவர்களுக்கு என்ன லாபம்?

உழவன் என்ற பழைய அர்த்தத்துக்காவது மரியாதை உண்டா? செங்கற்பட்டுக் கலெக்டர் டிரமன்ஹீர் 1891ல் இம்மக்களின் நிலைமையை எழுதியதன் பேரில், 1892ல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவாயிற்று. அந்தப் பஞ்சமி நிலங்களில் எவ்வளவோ பிறர் கைக்குப் போயின. திருப்பிக் கேட்டு 1994ல் செங்கற்பட்டில் கிளர்ச்சி செய்தவர்களில் இருவர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள். உழுதவனுக்கு அந்தப் பேரையாவது விட்டார்களா? நிலத்தை எடுத்துக் கொண்டு, பேரை வசவாக்கி அவன் தலையில் கட்டினார்கள்!

ஆதலால் தோழர்களே, தஸ்தாவேஜில் ஒரு சொல்லை அடிக்கச் சர்க்கார் உத்தரவு போதும். ஊரும் காலனியும் ஒன்றாவதற்கு ஊர்க்காரர் மனம் மாற வேண்டும். தெருவும் கிணறும் சுடுகாடும் எல்லோருக்கும் பொது என்று ஆக்குங்கள். பறிபோன நிலத்தை உரியவர்களுக்கு மீட்டுக் கொடுக்கப் பாடுபடுங்கள். முதற்காரியமாக, இன்று வீடு திரும்பியதும், "ஊரா, காலனியா?" என்ற கேள்வியை உங்கள் வாயிலிருந்து ஒழித்து விடுங்கள் என்று கேட்டுக் கொண்டு இத்துடன் முடித்துக் கொள்ளுகின்றோம்.