உப்புக் கணக்கு கேளுங்க!

(பெருந்துறை தகவல் தொழில்நுட்ப அணிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நாம கட்டுற பருத்தி வேட்டியும், மரக்கூழில் செஞ்ச விஸ்கோஸ் சட்டையும் அடிப்படையில் ஒண்ணுதான்: செல்லுலோஸ். செடி கொடுக்குது, மண்ணில் மக்கிடுது. உடனே 'இயற்கைத் துணி'ன்னு லேபிள் ஒட்டிடுறாங்க. செடி இயற்கைதாங்க. அதைத் துணியாக்க ஊத்துற ரசாயனம்?

கொங்கு மண்ணு இதுக்கு ரெண்டு தடவை விலை கொடுத்திருக்கு.

ஒண்ணு, சிறுமுகை விஸ்கோஸ் ஆலை. விஸ்கோஸ் செய்ய மரக்கூழை காஸ்டிக் சோடாவில் ஊறவச்சு, கார்பன் டைசல்பைடு சேர்த்துக் கரைச்சு, கந்தக அமிலத்தில் இழையா இழுக்கணும். கழிவு பவானியில் கலந்துச்சு. மக்கள் போராடினாங்க. கடைசியில் ஆலையே மூடிக்கிடக்கு. ஆறும் கெட்டுச்சு, வேலையும் போச்சு.

ரெண்டாவது, நொய்யல். பருத்தியில் சாயம் ஏற உப்பு வேணும். ஆனா அந்த உப்பு துணியில் தங்காது, அலசுற தண்ணியோடவே வெளியே வந்துடும். பாசனத்துக்காக 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமா மாறுச்சு. 2011 ஜனவரியில் திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு.

மாற்று வழி இருக்கா? இருக்கு. லயோசெல் முறையில் மரக்கூழைக் கரைக்கிற திரவத்தை 99 சதவீதத்துக்கு மேல மீட்டுத் திரும்பவும் பயன்படுத்தலாம். பருத்தியைக் காஸ்டிக்கில் கொதிக்க வைக்காம, நொதி போட்டு மிதமான சூட்டிலேயே சுத்தம் பண்ணலாம். திருப்பூர் பொது சுத்திகரிப்பு நிலையங்களில் உப்புத் தண்ணியையே மீட்டு மறுபடி சாயமிட அனுப்புறாங்க. ஆனா கடைசிச் சொட்டு வரைக்கும் ஆவியாக்க எரிபொருள், கரண்ட் செலவு அதிகம். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கிற ஆசையிலதான் கழிவு ஓடைக்குப் போகுது.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். பெருந்துறை சிப்காட்டைச் சுத்தியுள்ள கிராமங்களில் கிணத்துத் தண்ணி கெட்டுப்போச்சுன்னு மக்கள் பல வருஷமா போராடுறாங்க. 'எங்க கழிவு ஒரு சொட்டும் வெளியே போகலை'ன்னு ஆலை சொன்னா எப்படிச் சரிபார்க்கிறது?

ரொம்ப சுலபம். உப்பு ஆவியாகாது, அழியாது. எத்தனை டன் வாங்கினாங்க, எத்தனை டன் மீட்டாங்க, எத்தனை டன் கழிவு உப்பா மூட்டையில் கிடக்கு? மூணையும் எழுதிப் பாருங்க. கணக்கில் துண்டு விழுந்தா, அந்த உப்பு நம்ம மண்ணுக்குள்ள இருக்கு.

ஆலை வேண்டாம்னு நாம சொல்லலை. நம்ம பசங்க அங்கதான் வேலை பார்க்கிறாங்க. நாம கேட்கிறது ரெண்டுதான். ஆலைவாரியான உப்புக் கணக்கை மாசாமாசம் மக்கள் பார்க்கிற மாதிரி வெளியிடணும். சின்ன ஆலைகள் புது முறைக்கு மாற அரசு கடனும் மானியமும் தரணும்.

அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமா கொண்டு வாங்க சொந்தங்களே. கோஷம் போட்டா கலைஞ்சு போகச் சொல்லுவாங்க. கணக்கு கேட்டா பதில் சொல்லித்தான் ஆகணும்!

#உப்புக்கணக்கு #பெருந்துறை