மொராக்கோவில் இரண்டு காமிராக்கள்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் திரையில் படங்கள் காட்டி நிகழ்த்திய உரை)



லண்டன், சிங்கப்பூர் போகிறோம் என்றால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மொராக்கோ என்றதும், "அங்கே என்ன இருக்கு? சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவேள்?" என்று கேட்காதவர்கள் இல்லை. இரண்டு கேள்விக்கும் இன்று பதில் சொல்லிவிடுகிறேன்.

2019 மார்ச்சில் துபாய் வழியாகக் காஸாபிளாங்கா போய், 14 நாட்கள் சுற்றினோம். இவரிடம் பெரிய காமிரா, என்னிடம் சிறியது. இவருக்குக் கட்டிடங்கள், எனக்கு மனிதர்கள். இது பல வருஷத்துப் பாகப்பிரிவினை.

முதல் படம், அட்லாண்டிக் கடலோரத்தில் உள்ள இரண்டாம் ஹசன் மசூதி. 1993-ல் கட்டி முடித்தார்கள். அதன் ஸ்தூபி 210 மீட்டர் உயரம். பிற மதத்தவர்கள் வழிகாட்டியுடன் உள்ளே போய்ப் பார்க்கலாம். அந்த நாட்டின் பெரும்பாலான மசூதிகளில் அந்த அனுமதி கிடையாது. வாசலோடு நின்றுவிட வேண்டும். நமக்கும் இது புதிய விஷயமில்லையே!

அடுத்து ஃபெஸ். அதன் பழைய நகரம் 1981 முதல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. கார் நுழையாத சந்துகள். சாமான்கள் கழுதை மேலும் கோவேறு கழுதை மேலும்தான் போகின்றன. பின்னாலிருந்து "பாலக்!" என்று குரல் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். 859-ல் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற பெண்மணி நிறுவியதாகச் சொல்லப்படும் கராவியீன் கல்விக்கூடம் இங்கேதான் உள்ளது. தோல் பதனிடும் தொட்டிகளைப் பார்க்க மாடி ஏறும்போது கையில் ஒரு கொத்து புதினா கொடுக்கிறார்கள். சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த நாற்றத்துக்கு அதுதான் மருந்து. மேலிருந்து பார்த்தால் அந்தத் தொட்டிகள் ஓவியனின் வர்ணப் பெட்டி மாதிரி இருக்கின்றன.

வீடுகளுக்குத் தெருப் பக்கம் ஜன்னலே அபூர்வம். வெறும் சுவர், ஒரு கதவு. உள்ளே போனால் திறந்த முற்றம், நீரூற்று, உளியால் ஒவ்வொன்றாகச் செதுக்கிப் பதித்த வண்ண ஓட்டுத் துண்டுகள். அழகை எல்லாம் உள்ளே வைத்திருக்கிறார்கள். கதவு திறந்தால்தான் படம்.

ஆகவே கேட்க வேண்டும். கேட்காமல் படம் எடுப்பதைப் பலர் விரும்புவதில்லை. "மும்கின்?" என்றால் "எடுக்கலாமா?" என்று புரிந்துகொள்வார்கள். தலையசைத்தால் எடுப்போம், இல்லையென்றால் காமிராவை இறக்கிவிடுவோம். மராகேஷ் சதுக்கத்துப் பாம்பாட்டியைப் படம் எடுத்தால் காசு கேட்பார். முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. போலீஸ், ராணுவத்தினர் பக்கம் காமிராவைத் திருப்பக் கூடாது. இந்தியர் என்று தெரிந்தால் "ஷாருக் கான்!" என்று சிரிப்பார்கள். அங்கே இந்தி சினிமாவுக்கு அவ்வளவு மவுசு.

சாப்பாட்டு விஷயம். ரொட்டி, ஆலிவ், ஆரஞ்சு, பேரீச்சம்பழம், புதினா டீ எங்கும் கிடைக்கும். குஸ்குஸ் என்பது கோதுமை ரவையில் செய்வது. வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கு வீடு விசேஷம். மேலே காய்கறிதான் தெரியும், ஆனால் வேகவைத்த சாறு மாமிசத்தினுடையதாக இருக்கலாம். ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே விசாரியுங்கள். நாங்கள் கொண்டுபோன பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் நன்றாகவே கைகொடுத்தன.

மெர்ஸூகாவின் மணல் மேடுகள், மண்ணால் எழும்பிய அய்த் பென்ஹத்து எல்லாம் இந்த வரிசையில் இருக்கின்றன. மணலில் லென்ஸைக் கழற்றாதீர்கள் என்பது இவருடைய உபதேசம்.

கடைசியாக, அட்லஸ் மலை. 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த டின்மெல் மசூதிக்குப் போகிற வழியில், எங்கள் வழிகாட்டியின் உறவினர் வீட்டில் டீக்கு இறங்கினோம். அமாஸிக் மக்களின் கிராமம் அது. இவரை முன் அறையில் உட்கார வைத்தார்கள். என்னை மட்டும் சமையலறைக்கு அழைத்துப் போனார்கள். "மும்கின்?" என்றேன். முகம் வேண்டாம், கைகளை எடுத்துக்கொள் என்று ஜாடை காட்டினார்கள். மாவு பிசையும் கைகள், மண் அடுப்பு, அலமாரியில் வரிசையாகக் கிண்ணங்கள். கிளம்பும்போது, துணி காயும் வீட்டு வாசலையும் சும்மா ஒன்று எடுத்துவைத்தேன்.

2023 செப்டம்பர் 8 இரவு அந்த மலையில் 6.8 அளவு பூகம்பம். 2,900-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். டின்மெல் மசூதி பெரிதும் இடிந்தது. வழிகாட்டிக்குத் தகவல் அனுப்பினோம். சில நாட்கள் கழித்துப் பதில் வந்தது. குடும்பத்தார் பிழைத்துவிட்டார்கள், வீடு இல்லை. கூடவே ஒரு கேள்வி: அந்த வீட்டின் படம் உங்களிடம் இருக்கிறதா?

41 படங்கள் இருந்தன. எல்லாவற்றையும் அனுப்பினோம். இவர் மணிக்கணக்கில் காத்திருந்து வெளிச்சம் பார்த்து எடுத்த மலைக் காட்சிகளும் அதில் உண்டு. அவர்கள் பெரிதாக்கித் தரும்படி கேட்டது துணி காயும் வாசலையும் அந்த அடுப்பையும்தான். அச்சுப் போட்டுத் தபாலில் அனுப்பினோம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பாகப்பிரிவினை மாறிவிட்டது. இவரும் இப்போது அடுப்பை எடுக்கிறார்!

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம்மில் பலருக்கு ஊரில் இன்னும் ஒரு வீடு இருக்கிறது. பூட்டியோ, விலை பேசியோ இருக்கலாம். அடுத்த முறை போகும்போது கோபுரத்தோடு நிறுத்தாமல் அம்மிக்கல், கிணற்றடி, மாடப்பிறை, திண்ணை எல்லாவற்றையும் எடுங்கள். பெரியவர்களைக் கேட்டு, யார் வீடு, எந்த வருஷம் என்று படத்தின் பின்னால் எழுதி வையுங்கள். ஒருநாள் யாராவது கேட்பார்கள்.